முடிவிலிருந்து தொடங்குங்கள்: மாணவர் குழுவுக்கு ஒரு ப்ளூஸ் வழிகாட்டி

எங்கள் குழு மேடையில் வாசித்த முதல் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகை) இன்னும் முடியவில்லை என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், பாட ஒருவர் என ஐந்து பேர். அவரவர் சோலோவை (ஒருவர் முன்னால் வந்து தனித்து வாசிக்கும் பகுதி) அவரவர் வீட்டில் மணிக்கணக்கில் பழகி வந்திருந்தோம். வாசித்தோம், கைதட்டலும் கிடைத்தது. அப்புறம்தான் உறைத்தது, பாட்டை எப்படி முடிப்பது என்று யாருமே பேசி வைக்கவில்லை. டிரம்ஸ் வாசித்தவர் பேஸைப் பார்த்தார், பேஸ்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு சுற்று ஓடியது. அதற்கு மேல் இன்னொன்று. கடைசியில் கீபோர்டு நின்றது, பின்னாலேயே பேஸ், பிறகு நான். டிரம்ஸ் மட்டும் நாலு அடி தனியாக நடந்து போய் நின்றது.

அதனால் இந்தக் கட்டுரையில் சோலோ பின்னால்தான் வரும். மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), ஐந்து ஸ்வரம், இவ்வளவுதான் ப்ளூஸ் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை யாரும் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது.

முதலில் 12 பார்

ப்ளூஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை 12 பார் கொண்ட ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன. பாருக்கு நாலு அடி, ஆக ஒரு சுற்றுக்கு 48 அடி. சுருதி ஏ என்று வைத்துக்கொண்டால் சுற்று இப்படி இருக்கும் (ஏ7, டி7, இ7 மூன்றும் கார்டுகளின் பெயர், ஒவ்வொன்றும் ஒரு பார்):

ஏ7 | ஏ7 | ஏ7 | ஏ7
டி7 | டி7 | ஏ7 | ஏ7
இ7 | டி7 | ஏ7 | இ7

ஏ, டி, இ மூன்றும் கிட்டாரிலும் பேஸிலும் திறந்த கம்பிகளாகவே கிடைப்பதால் தொடக்கத்துக்கு இந்தச் சுருதி வசதி. குழுவில் சாக்ஸபோனோ டிரம்பெட்டோ இருந்தால் பி ஃபிளாட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவிகளில் ஸ்வரத்தின் பெயர் ஒன்று, ஒலிப்பது வேறொன்று; டெனர் சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் அது சி ஆகிவிடும், ஆல்டோ சாக்ஸுக்கு ஜி. ஏ சுருதியில் ஆல்டோக்காரர் எஃப் ஷார்ப்பில் தவிப்பதை ஒரு முறை பார்த்தால் மறுபடி கேட்க மாட்டீர்கள்.

கார்டுகளைப் பெயரால் மட்டும் மனப்பாடம் செய்யாமல் ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணாலும் பழகுங்கள். ஏ ஒன்று, டி நான்கு, இ ஐந்து. பாடுபவருக்கு ஏ சரிப்படவில்லை என்றால் ஜிக்குப் போகலாம். அங்கே ஒன்று ஜி7, நான்கு சி7, ஐந்து டி7. தொண்டைக்காகச் சுருதி மாறுவது எப்போதும் கடைசி நேரத்தில்தான் நடக்கும். எண்ணால் யோசிப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை.

இரண்டு இடங்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டாவது பாரில் நான்குக்குப் போய்த் திரும்புகிறோமா, ஒன்றிலேயே நிற்கிறோமா? கடைசி பாரில் ஐந்துக்குப் போகிறோமா, ஒன்றிலேயே இருக்கிறோமா? இரண்டு விதமும் சரி. பேஸ் ஒரு விதமும் கீபோர்டு இன்னொரு விதமும் வாசிப்பதுதான் தவறு. புதிய குழுக்களில் 'எங்கேயோ இடிக்கிறதே' என்று தோன்றினால் முதலில் அந்த இரண்டாவது பாரைத்தான் பாருங்கள்.

இப்போது கருவிகளைக் கீழே வையுங்கள். வட்டமாக நின்று இரண்டாவது, நான்காவது அடிகளில் கைதட்டுங்கள். வாயால் பார்களை எண்ணுங்கள்: "ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலு..." முதல் எண் எத்தனையாவது பார் என்பதைச் சொல்கிறது. ஐந்தாவது பாரிலும் ஒன்பதாவது பாரிலும் காலை ஒரு அடி முன்னால் எடுத்து வையுங்கள். நாலைந்து சுற்று ஆனதும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணாமல், தட்டாமல் மௌனமாக இருந்து, அடுத்த சுற்றின் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து தட்டுங்கள். முதல் தடவை ஐந்து பேரும் ஐந்து இடத்தில் தட்டுவார்கள், சிரிப்பு வரும். ஒரே இடத்தில் விழும்வரை விடாதீர்கள். அந்த மௌனமான பதினாறு அடி மனத்துக்குள் ஓடப் பழகிவிட்டால் மேடையில் பாதி பயம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய பதிவுகளைக் கேட்டுப் பழகுகிறவர்கள் சில நேரம் குழம்பிப்போவார்கள். ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜான் லீ ஹூக்கர் தனியாக வாசிக்கும்போது 12 பார் கணக்கைச் சட்டை செய்வதே இல்லை. அவருக்கு வரி முடிந்தால்தான் கார்டு மாறும். தனியாள் அப்படிச் செய்யலாம், அதில் தனி அழகு இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து செய்ய முடியாது. குழுவாகக் கேட்க வேண்டுமானால் மடி வாட்டர்ஸைக் கேளுங்கள். 1943இல் சிகாகோவுக்குப் போய், அங்கே மின்கிட்டாரோடு குழு சேர்த்தவர். 1950களில் அவரோடு ஹார்மோனிகாவில் லிட்டில் வால்டர், பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான் வாசித்த பதிவுகளில் ஒருவர் காலை இன்னொருவர் மிதிக்காமல் எப்படி நடக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

தகிட

ப்ளூஸின் நடைக்கு ஷஃபிள் என்று பெயர். விளக்கப் பல வழி இருக்கிறது, நமக்கு மிக எளிய வழி தகிட. ஒவ்வொரு அடிக்குள்ளும் தகிட என்று சொல்லுங்கள். பிறகு 'கி'யை விழுங்கிவிட்டு 'த'வையும் 'ட'வையும் மட்டும் ஒலிக்க விடுங்கள். த-ட, த-ட, த-ட, த-ட. அவ்வளவுதான் ஷஃபிள். திஸ்ர நடை தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. மெதுவான ப்ளூஸில் அந்தக் 'கி' திரும்பி வரும். மூன்று எழுத்தும் தெளிவாகக் கேட்கும், நாலு தகிட ஒரு பார்.

டிரம்ஸுக்கு ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) அந்த த-ட, ஸ்னேர் என்ற சின்ன டிரம் இரண்டாவது, நான்காவது அடிகளில். வேறு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றின் பன்னிரண்டாவது பாரில் மட்டும் ஒரு சின்ன ஃபில், அதாவது வழக்கமான தாளத்தை விட்டு ஒரு குட்டி உருட்டல். அது அலங்காரம் மாதிரித் தெரிந்தாலும், வழி தவறியவர்களுக்கு அதுதான் ஊர்ப் பெயர்ப் பலகை. எல்லா நாலு பாருக்கும் ஃபில் அடித்தால் எது ஊர் எது வயல் என்று யாருக்கும் தெரியாது.

பேஸ் அடிக்கு ஒரு ஸ்வரம் நடந்தால் போதும்: ஏ, சி ஷார்ப், இ, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், இ, சி ஷார்ப். இரண்டு பார் ஆயிற்று. ஒரே பார் மட்டும் இருக்கும் இடத்தில் முதல் நான்கு போதும். கார்டு மாறும்போது இதே வடிவத்தை அப்படியே நகர்த்திக்கொள்ளலாம்.

கீபோர்டுக்காரர்தான் பெரும்பாலும் அதிகம் வாசித்துவிடுவார். பத்து விரல் இருக்கிறதே என்ற எண்ணம். இரண்டு ஸ்வரம் போதும். ஏ7க்கு சி ஷார்ப், ஜி. அந்த இரண்டையும் அரைப்படி, அதாவது ஒட்டிய அடுத்த கட்டைக்கு, கீழே இறக்கினால் சி, எஃப் ஷார்ப், அது டி7. ஏ7 இடத்திலிருந்து அரைப்படி மேலே ஏற்றினால் டி, ஜி ஷார்ப், அது இ7. கை அசைவதே தெரியாது, மூன்று கார்டும் வந்துவிட்டது. மூல ஸ்வரத்தை பேஸ் பார்த்துக்கொள்கிறது, அதைக் கீபோர்டின் இடது கை மறுபடி இடிக்க வேண்டியதில்லை. கிட்டார் கீழ்க்கம்பிகளில் ஷஃபிள் தாளம் போட்டால் கீபோர்டு நடு ஸ்தாயியில் எப்போதாவது ஒரு குத்து வைத்தால் போதும். கீபோர்டு தொடர்ந்து வாசிக்கும் பாட்டில் கிட்டார் அடங்க வேண்டும்.

முடிவு, அப்புறம் தொடக்கம்

ஒத்திகையின் முதல் நாளே முடிவைப் பழகுங்கள். எங்கள் குழு கடைசியில் பிடித்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். பதினோராவது பாரின் முதல் அடியில் எல்லோரும் ஏ7 அடித்து உடனே நிறுத்திவிடுவோம். மீதி மூன்று அடியில் கிட்டார் மட்டும் தனியாக இறங்கி வரும். பன்னிரண்டாவது பாரின் முதல் அடியில் எல்லோரும் பி ஃபிளாட்7, இரண்டாவது அடியில் ஏ7. அந்த ஏ7ஐ நீட்டி விட வேண்டும். டிரம்ஸ் சிம்பலை உருட்டட்டும். தலைவர் கையை இறக்கியதும் மௌனம்.

இன்னொரு முறை, கடைசி வரியை மூன்று முறை பாடி முடிப்பது. ஒன்பது, பத்து பார்களை மூன்று தடவை ஓட்டி, மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்து, மேலே சொன்னபடி முடிக்கலாம். கேட்பவர்களுக்கு 'முடியப் போகிறது' என்று தெரிந்துவிடும், கைதட்டத் தயாராக இருப்பார்கள்.

ஒன்பதாவது பாரிலிருந்து முடிவுவரை மட்டும் இருபது தடவை வாசியுங்கள். முழுப் பாட்டு வேண்டாம். இருபதாவது தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பீர்கள், அதுதான் தேவை.

தொடக்கத்துக்கும் இதே நாலு பார் உதவும். கிட்டார் தனியாக ஒன்பதாவது பாரிலிருந்து வாசித்து வர, அடுத்த முதல் பாரில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம். ஐந்தாம் கார்டிலிருந்து ஆரம்பிப்பதால் 'ஐந்திலிருந்து' என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்கு விளங்கிவிடும். எண்ணிக்கை கொடுப்பவர் வாயைத் திறப்பதற்கு முன் பாட்டின் முதல் வரியை மனத்துக்குள் பாடிப் பார்க்க வேண்டும். மேடையில் நெஞ்சு அடிக்கிற வேகத்துக்கு எண்ணிவிடுவோம்; ஒத்திகையில் நிமிடத்துக்கு 120 அடியாக இருந்தது 135 ஆகிவிடும். பாடுபவருக்கு மூச்சு விட இடம் இருக்காது.

பாட்டு விட்டுச் செல்லும் இடம்

சோலோவுக்கு முன் வரிகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சோலோவின் இலக்கணம் அங்கேதான் இருக்கிறது. ப்ளூஸ் பாட்டில் ஒரு வரி வரும், அதே வரி மறுபடி வரும், மூன்றாவது வரி பதில் சொல்லும். எங்கள் குழுவில் பயிற்சிக்காகக் கட்டிய ஒன்று:

கடைசிப் பேருந்து போயிடுச்சு, கையில கிட்டார்தான் மிச்சம்
கடைசிப் பேருந்து போயிடுச்சு, கையில கிட்டார்தான் மிச்சம்
நடந்து வீடு சேர்றப்போ விடிஞ்சிடும், அது மட்டும் நிச்சயம்

பெரிய கவிதை இல்லை. ஆனால் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். நாலு பாரில் மீதி இரண்டு காலியாக இருக்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வயலில் வேலை செய்யும்போதும் தேவாலயத்திலும் ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடிய வழக்கம் அந்தக் காலி இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. பாடகர் விட்ட இடத்தில் ஒரே ஒரு கருவி பதில் சொல்ல வேண்டும். முதல் சுற்றுக்கு கிட்டார், அடுத்த சுற்றுக்கு கீபோர்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் பாடகர் பி. பி. கிங் பாடும்போது கிட்டாரை வாசிக்க மாட்டார். வரியைப் பாடி முடிப்பார், பிறகு லூசில் என்று அவர் பேர் வைத்த கிட்டார் பேசும். ஒரே ஆள் இரண்டு பேராக மாறி மாறிப் பேசுவது போல் இருக்கும்.

பாடும் வரியின் மேலேயே கிட்டாரை இழுப்பது மாணவர் குழுக்களில் சகஜம். பாடகர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை நியாயமானது.

இனி மனோதர்மம்

ஏ சுருதியில் ஏ, சி, டி, இ, ஜி. ஐந்து ஸ்வரம். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு இது ச க ம ப நி, சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். கூடவே டிக்கும் இக்கும் நடுவில் இ ஃபிளாட்டைப் போகிற போக்கில் தொட்டால் ப்ளூஸ் ஸ்கேல். ராகமாக ஆலாபனை செய்யப் போய்விடாதீர்கள், இங்கே அடியில் கார்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கவனித்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஏ7 கார்டில் இருப்பது சி ஷார்ப், நாம் வாசிப்பது சி. இரண்டும் இடிக்க வேண்டுமே? இடிக்கத்தான் செய்கிறது. அந்த இடியில்தான் ப்ளூஸின் ருசி இருக்கிறது. சியை அப்படியே வாசிக்காமல் கம்பியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், சிக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கேயோ நிற்கட்டும். கமகம் பழகிய காதுக்கு அந்த இடம் சுலபமாகப் பிடிபடும். கீபோர்டில் தள்ள முடியாது. அங்கே சியைத் தொட்ட கையோடு சி ஷார்ப்புக்கு வழுக்கி விழ வேண்டும்.

முதல் பயிற்சி ஒரே ஸ்வரத்தில் சோலோ. ஒரு முழுச் சுற்றுக்கு ஏ மட்டும். கேலிக்கூத்தாகத் தோன்றும், செய்து பாருங்கள். ஸ்வரத்தைத் தேட வேண்டியதில்லை என்றதும் கை தாளத்தைத் தேட ஆரம்பிக்கும். எங்கே வைப்பது, எவ்வளவு நீளம், எவ்வளவு சத்தம், எங்கே விடுவது. எங்கள் பேஸ்காரர், சோலோவே வேண்டாம் என்று ஒதுங்கியவர், இந்தப் பயிற்சியில் வாசித்த ஒற்றை ஸ்வரச் சுற்றுதான் அன்று எல்லோரையும் சிரிக்க வைத்தது, காலையும் ஆட வைத்தது. அப்புறம் இரண்டு ஸ்வரம், அப்புறம் மூன்று. ஐந்துக்குப் போக அவசரம் இல்லை.

இரண்டாவது பயிற்சி, பாட்டு மாதிரியே வாசிப்பது. இரண்டு பார் பேசுங்கள், இரண்டு பார் சும்மா இருங்கள். ஒரு சின்னச் சொற்றொடரை எடுத்துக்கொள்வோம்: முதல் அடியை விட்டுவிட்டு ஏ, சி, டி, டியில் கொஞ்சம் நில்லுங்கள், பிறகு சி, ஏ என்று இறங்குங்கள். முதல் இரண்டு பாரில் இதை வாசித்தால் டியில் நிற்கும்போது ஏதோ கேள்வி கேட்டது போல் தொங்கும். மூன்று, நான்கு பார்களில் கையை எடுத்துவிடுங்கள். ஐந்தாவது பாரில் அதே சொற்றொடர், ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல். இப்போது அடியில் டி7 இருக்கிறது. சற்று முன் தொங்கிய அதே டி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, தரைதான் நகர்ந்தது. ஒன்பதாவது பாரில் இ7 வரும்போது வேறு ஏதாவது பதில் சொல்லி, இயிலோ ஜி ஷார்ப்பிலோ ஒரு முறை தொட்டு ஏக்கு இறங்கினால் ஒரு முழுச் சோலோ ஆயிற்று. மொத்தம் இருபது ஸ்வரம்கூட இருக்காது.

இதே இடத்தில் ஒரு நுணுக்கம். ஏ7 மேல் தள்ளி வாசித்த அந்த சியை டி7 மேல் தள்ளாதீர்கள். சி அந்தக் கார்டின் சொந்த ஸ்வரம், நேராக நின்றாலே இனிக்கும். தள்ளினால் சி ஷார்ப் பக்கம் போய்ப் புளிக்கும். கூட்டத்தில் யாருக்கும் காரணம் தெரியாது, ஆனால் இவர் கார்டைக் கேட்டு வாசிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கொஞ்சம் தேறிய பிறகு ஏ7 வரும் பார்களில் ஏ, பி, சி ஷார்ப், இ, எஃப் ஷார்ப் என்று மோகனத்தின் ஸ்வரங்களைக் கலந்து பாருங்கள். வெளிச்சம் போட்டது போல் இருக்கும். டி7 வந்ததும் பழைய ஐந்துக்குத் திரும்பிவிடுங்கள். இதற்கு மேல் ஸ்கேல் இப்போதைக்குத் தேவையில்லை. ஸ்கேல் சேர்க்கச் சேர்க்கச் சோலோ நன்றாக வரும் என்பது என் அனுபவத்தில் பார்க்காத விஷயம்.

ஊதுபவர்களுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதனால் வாக்கியம் தானாக முடியும். கிட்டார், கீபோர்டுக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மருந்து ஒன்றுதான்: வாசிப்பதைக் கூடவே முணுமுணுங்கள். வாயால் பாட முடியாததை வாசிக்காதீர்கள். மூச்சு முட்டும் இடத்தில் கை தானாக நிற்கும்.

ஒருவருக்கு இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டால் முதல் சுற்றைக் கீழ் ஸ்தாயியில், குறைவான ஸ்வரத்தில், சத்தம் கம்மியாக ஆரம்பியுங்கள். இரண்டாவது சுற்றின் ஐந்தாவது பார் பக்கம் உச்சத்துக்குப் போகலாம். பதினோராவது பாரில் இறங்கி வந்துவிட வேண்டும். அடுத்தவரின் முதல் பாருக்குள் காலை நீட்டிக்கொண்டு வாசிப்பது, பேசிக்கொண்டே மைக்கைத் தராமல் நிற்பது போல. இறங்கும்போதே அடுத்தவரைப் பாருங்கள்.

தப்பான ஸ்வரம் விழுந்தால் அரைப்படி மேலேயோ கீழேயோ நகருங்கள், பெரும்பாலும் அங்கே சரியானது காத்திருக்கும். தைரியம் இருந்தால் அதே தப்பை அதே தாளத்தில் இன்னொரு முறை வாசித்துவிட்டு நகருங்கள். வேண்டுமென்றே செய்தது போல் ஆகிவிடும்.

சோலோ வாசிக்காதவர்களுக்கும் இந்த நேரத்தில் மனோதர்மம் உண்டு. கிட்டார் ஒரே தாளக்கட்டை மூன்று முறை சொன்னால் மூன்றாவது தடவை ஸ்னேர் அதைச் சேர்ந்து சொல்லலாம். சோலோ தொடங்கும்போது எல்லோரும் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டால், அவர் ஏறும்போது சேர்ந்து ஏற இடம் இருக்கும்.

முழுச் சுற்றுக்குப் பயப்படுபவர்களுக்கு நாலு நாலு பாராக மாறி மாறி வாசிப்பது நல்ல வாசல். 12 பாரில் மூன்று நாலு இருக்கிறது. நாலு பேர் சுழற்சியில் வாசித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் இடம் மாறும். ஒரு முறை டி7இல் ஆரம்பித்தவர் அடுத்த முறை இ7இல் ஆரம்பிப்பார். குழம்பும், ஆனால் 12 பாரை நிஜமாகக் கற்றுக்கொடுப்பது இதுதான்.

கண்ணும் கையும்

தலைவர் ஒருவர்தான். நன்றாக வாசிப்பவர் என்று இல்லை, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நிற்பவர். குறிப்பாக டிரம்ஸுக்குத் தெரிய வேண்டும். சைகைகளை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். விரலைச் சுழற்றினால் இன்னொரு சுற்று. தலையைத் தொட்டால் பாட்டுக்குத் திரும்பு. உள்ளங்கை கீழே, சத்தம் குறை. நாலு விரல், நாலு நாலாக. மூடிய முஷ்டி, இந்தச் சுற்றோடு முடிவு. எந்தச் சைகையாக இருந்தாலும் எட்டாவது பாருக்குள் காட்டிவிட வேண்டும். பதினோராவது பாரில் முஷ்டியைத் தூக்கினால் பாதிப் பேருக்குத்தான் தெரியும், எங்கள் முதல் மேடைக் கதைதான் மறுபடி.

கொஞ்சம் கணக்கும் போடுங்கள். 120 வேகத்தில் 48 அடி என்றால் ஒரு சுற்றுக்கு 24 நொடி. முன்னிசை ஒன்று, பாட்டு மூன்று, மூன்று பேருக்கு இரண்டிரண்டு சோலோ, திரும்பப் பாட்டு இரண்டு: மொத்தம் பன்னிரண்டு சுற்று, ஐந்து நிமிடத்துக்குள். சரியான நீளம். அதே திட்டத்தை 60 வேகத்தில் ஓடும் மெதுவான ப்ளூஸுக்கு வைத்தால் ஒரு சுற்றே 48 நொடி, பாட்டு கிட்டத்தட்டப் பத்து நிமிடம். கூட்டம் எழுந்து போய்விடும். மெதுவான பாட்டில் சோலோ ஒருவருக்கு அல்லது இருவருக்கு, ஒரு சுற்று மட்டும்.

வழி தவறினால்

தவறும். எல்லோருக்கும் தவறும். தவறியவர் வாசிப்பதை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் இறக்க வேண்டும். பேஸைக் கேட்க வேண்டும். டிரம்ஸின் பன்னிரண்டாவது பார் ஃபில்லுக்காகக் காத்திருந்து அடுத்த முதல் அடியில் சேர்ந்துகொள்ள வேண்டும். கூட்டத்துக்கு அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி மாதிரிதான் தெரியும். குழுவே இரண்டாகப் பிரிந்துவிட்டால் ஒரே விதி: பாடுபவர் எங்கே இருக்கிறாரோ அதுதான் சரியான பார். அவர் ஒரு பார் முன்னால் ஆரம்பித்துவிட்டாலும் சரி, எல்லோரும் அங்கே தாவுங்கள். யார் தப்பு என்பதைக் கீழே இறங்கிப் பேசிக்கொள்ளலாம். இதை ஒத்திகையிலேயே பழகலாம்: பாடுபவர் சொல்லாமல் வேண்டுமென்றே ஒரு பார் முன்னால் நுழையட்டும், மற்றவர்கள் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

மேடை நாள்

ஒத்திகையில் நின்ற அதே வரிசையில், அதே நெருக்கத்தில் நில்லுங்கள். மேடை பெரிதாக இருக்கிறதே என்று பரவி நின்றால் பேஸ் கேட்காது, கண்ணும் எட்டாது. கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) முழங்காலைப் பார்த்து ஒலித்துக்கொண்டிருக்கும், வாசிப்பவருக்குக் கேட்காது, அவர் ஏற்றிக்கொண்டே போவார். ஆம்பைப் பின்னால் சாய்த்து அவர் காதைப் பார்க்க வையுங்கள், தானாகக் குறைத்துக்கொள்வார். ஒலிச் சோதனையில் பாட்டின் மிகச் சத்தமான சுற்றை வாசித்துக் காட்டுங்கள். மாற்றுக் கம்பி, கூடுதல் குச்சி, சுருதி பார்க்கும் கருவி, இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஹார்மோனிகா வாசிப்பவர் இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை: ஏ சுருதிப் பாட்டுக்கு டி ஹார்மோனிகா, ஜிக்கு சி. பெட்டியில் ஏ என்று எழுதியதை எடுத்துக்கொண்டு வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் இப்போதும் தெரிவார்.

பாட்டுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதித் தரையில் ஒட்டுங்கள். பாட்டின் பெயருக்கு எதிரே நான்கு விஷயம்: சுருதி, வேகம், யார் தொடங்குகிறார், எப்படி முடிகிறது.

ஒரு கைபேசியைக் கூட்டத்தின் நடுவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அன்று இரவே கேட்க வேண்டாம், தப்பு மட்டும்தான் காதில் விழும். இரண்டு நாள் கழித்து எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். முதல் தடவை அவரவர் தன்னையேதான் கேட்பார். இரண்டாவது தடவை எல்லோரும் பேஸை மட்டும் கேளுங்கள். வேகம் எங்கே கூடியது, எந்தப் பாரில் யார் தடுமாறினார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

எங்கள் இரண்டாவது மேடையின் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. சோலோக்கள் சுமார்தான், என்னுடையது குறிப்பாக. பன்னிரண்டாவது பாரில் பி ஃபிளாட், ஏ. சிம்பல் உருண்டு அடங்குகிறது. அரை நொடி மௌனம். அந்த மௌனத்தில் டிரம்ஸ் குச்சி ஒன்று தரையில் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும்.